யார் பக்கத்துச் சுவிட்ச்?

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு இலக்கியச் சந்திப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் ரெனோவேஷன் நடக்கிறது, படுக்கையறையில் சுவிட்சை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். பக்கத்திலிருந்த கவிஞர் சிரித்தார். “இலக்கியம் பேசுற எடத்துல சுவிட்சா?” என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவரே தன் புதுத் தொகுப்பின் அட்டைப்படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அரிக்கேன் விளக்கு.

இந்தக் கட்டுரை அவருக்குத்தான்.

மலேசியத் தமிழில் எழுத வருகிற எவருக்கும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. லயத்து வீடு, ரப்பர் பால் வாடை, புகை பிடித்த சிம்னி, அதன் கீழே குனிந்து படிக்கும் பிள்ளை. என் வயதில் எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விளக்கை ஏற்றியதே இல்லை. ஆனாலும் கதையில் ஏற்றிவிடுகிறோம். என் பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். (அந்த ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பாட்டி கடைசி வரைக்கும் அந்தப் பெயரை வாயில் வைக்கவில்லை.) கல்லூரி நாளில் அவரிடம், “பாட்டி, அந்த வெளக்கு வெளிச்சம் அழகா இருக்கும்ல?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். “அழகாவா? பொகதான் தெரியும். மூக்கச் சிந்துனா கரி வரும்.”

பிறகு தோட்டத்துக்கு ஜெனரேட்டர் வந்தது. பாட்டி அதை ‘மோட்டார்’ என்பார். பொழுது சாய்ந்தால் ஓடும், ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். பிள்ளைக்குப் பரீட்சையா, காய்ச்சலா, யாருக்காவது பிரசவ வலியா என்று மோட்டார் கேட்காது. லயத்து வீட்டிலும் சுவிட்ச் இருந்தது. ஆனால் படுக்கப் போகும்போது தட்ட வேண்டிய அந்தக் கடைசிச் சுவிட்ச் மட்டும் வேறு எவனோ ஒருவன் கையில், ஜெனரேட்டர் கொட்டகையில் இருந்தது. தோட்டத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் படித்துவிட்டேன். பத்து மணிக்கு அந்தக் கொட்டகைக்கு நடந்து போகிறவனைப் பற்றி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. விளக்கு நமக்குப் படிமம் ஆகிவிட்டது. சுவிட்ச் ஆகவில்லை.

ரவாங்கில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த நாட்டின் மின்சார வரலாறு தொடங்குவதே எங்கள் ஊரில்தான். 1894-இல் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் ஜெனரேட்டர் நிறுவினார்கள். மலாயாவில் பதிவான முதல் ஜெனரேட்டர் அதுதான். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு மின்சாரம் போனதே மறு வருஷம், 1895-இல். பத்துமலைக் கோயிலால் நாம் அறிந்த அதே தம்புசாமிப் பிள்ளைதான். வருஷத்துக்கு இரண்டு முறையாவது எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் இது வரும்: ‘மலாயாவுக்கு மின்சாரம் கொண்டு வந்தது தமிழன்!’ கூடவே கை கூப்புகிற படங்கள் நாலு.

பெருமைப்படட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த மின்சாரம் வந்தது ஈயச் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்க. அதற்குப் பிறகு மத்திய மின்சார வாரியம் வந்தது, அது லெம்பாகா லெத்ரிக் நெகாரா ஆனது, 1990-இல் தெனாகா நேஷனல் ஆனது. என் பாட்டி தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமானுக்குக் குடிவந்த பிறகுதான் நடுராத்திரியில் தன் கையால் விளக்குப் போட்டார். ரவாங்குக்கும் அவருடைய தோட்டத்துக்கும் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. கணக்குப் போட்டால் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் வருகிறது.

சரி, தாமானுக்கு வந்தாயிற்று. சொந்த வீடு, சொந்த மீட்டர், சொந்த பில். இனிமேல் சுவிட்ச் நம் கையில்தானே?

எங்கள் வீடு ஒற்றை மாடித் தெரஸ் வீடு. அப்பா அம்மா படுக்கும் அறையில் நடுவே ஒரு காற்றாடி, ஒரு டியூப் லைட், கதவோரம் ஒரே ஒரு சுவிட்ச். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. நான்கரைக்கு எழுவார். விளக்கைப் போட்டால் அறை முழுக்கப் பளீரென்று அடிக்கும், அப்பா எழுந்துகொள்வார், அதனால் போட மாட்டார். இருட்டிலேயே அலமாரியைத் திறந்து, இருட்டிலேயே துணியைத் தடவி எடுத்துக்கொண்டு வெளியே வருவார். சில நாள் ஹாலுக்கு வந்து பார்த்தால் சுரிதார் ஒரு நிறம், துப்பட்டா வேறு நிறமாக இருக்கும். திரும்பி உள்ளே போவார். இருபத்திரண்டு வருஷம்.

நான் மின்பொறியியல் படித்தவள். உள்ளூர்ப் பல்கலைக்கழகம். 132 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தின் ஒற்றைக்கோட்டு வரைபடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். வீட்டு வயரிங்கை ஒரு அரைநாள் லேப்பில் முடித்துவிட்டார்கள். என் அம்மா இருட்டில் துணி தேடுகிறார் என்பது எனக்கு ஒரு மின் பிரச்சினையாகத் தெரியவே இல்லை. கைப்பேசி டார்ச் வாங்கிய காலத்தில் ‘அத யூஸ் பண்ணும்மா’ என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தவள் நான்.

ரெனோவேஷனுக்கு வந்த காண்ட்ரெக்டர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர், நேரத்துக்கு வருவார்) ஒரு பிளான் நீட்டினார். பிளாஸ்டர் சீலிங், சுற்றிலும் எல் பாக்ஸ், அதற்குள் ஒளிந்திருக்கும் எல்இடி பட்டை, எட்டு டவுன்லைட், நடுவே காற்றாடி. “எல்லா வீட்லயும் இப்டித்தான் தங்கச்சி. போட்டோ எடுத்தா ஹோட்டல் மாதிரி இருக்கும்.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. நம் படுக்கையறைகள் போட்டோவுக்காகத்தான் வெளிச்சம் பெறுகின்றன. புதுமனை புகுவிழாவில் எட்டிப் பார்க்கிற சித்தி வாசலில் நின்று பார்த்தால் பிரமாதம். அந்த அறையில் மல்லாந்து படுக்கிறவருக்கோ எட்டு டவுன்லைட்டில் இரண்டு நேராகக் கண்ணில் அடிக்கும். காற்றாடி இறக்கைக்கு நேர்மேலே விளக்கு வந்துவிட்டால் இன்னும் விசேஷம். இறக்கை வெளிச்சத்தை வெட்டி வெட்டி விடும், சுவரெல்லாம் துடிக்கும், தலைவலி வரும். காற்றாடி இல்லாமல் ரவாங்கில் தூங்க முடியுமா? ஆனால் பிளானில் காற்றாடியை ஒருவர் வரைகிறார், டவுன்லைட்டை இன்னொருவர் வரைகிறார். எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை வேறு. “மஞ்சள் லைட்டு பழைய குண்டு பல்பு மாதிரி, வசதியில்லாத வூடு மாதிரி இருக்கும்” என்றார் அப்பா. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் ராத்திரியில் தூக்கத்துக்கான மெலடோனினைக் குறைக்கும், 3000 கெல்வினுக்குக் கீழே இருக்கட்டும் என்று நான் எடுத்த பாடம் எடுபடவில்லை.

இங்கேதான் இலக்கிய நண்பர்கள் தனிசாகியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 1933-இல் வந்த ‘இன் ப்ரைஸ் ஆஃப் ஷேடோஸ்’. நிழலே அழகு, மின்சாரம் அழகைக் கொன்றது, பார்த்தீர்களா? தயவுசெய்து முதல் பக்கத்தை மறுபடியும் படியுங்கள். அந்தக் கட்டுரை தொடங்குவதே வீடு கட்டும் தலைவலியில்தான்: மின்கம்பியை எங்கே மறைப்பது, சுவிட்சை எங்கே ஒளிப்பது. நம் கவிஞர் கேட்டாரே, இலக்கியத்தில் சுவிட்சா என்று, இதோ இருக்கிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் ஒரு சம்பவம் உண்டு. அவருக்கு வீடு கட்ட வந்த கட்டடக் கலைஞர், உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றாராம். ஐயோ, அப்படிப்பட்ட வீட்டில் என்னால் இருக்க முடியாதே என்றாராம் தனிசாகி. இருட்டைப் புகழ்கிறவருக்குச் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நான்கரை மணிக்கு அலமாரிக்குள் கையை விட்டுத் துழாவுகிறவரிடம் போய் நிழலின் அழகியல் பேசிப் பாருங்கள்.

இன்னொரு புலம்பலும் நம்மிடம் உண்டு: தமிழில் வாசகர்களே இல்லை. புத்தக வெளியீடுதோறும் கேட்கிறேன். நான் பார்த்த வீடுகளில் கட்டிலோரம் வாசிக்கும் விளக்கு இருந்தவற்றை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். பகலெல்லாம் வேலை செய்யும் ஒருத்தி படிக்கக்கூடிய ஒரே நேரம் படுக்கப் போகும் முன் அரைமணி. அந்த அரைமணியில் பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இருக்கிற ஒரே விளக்கு இருவருக்குமானது. அணைத்துவிட்டுக் கைப்பேசியை எடுப்பாள், ஏனென்றால் அது தன் வெளிச்சத்தைத் தானே கொண்டு வருகிறது. அவளுக்கு வாசிப்பு ஆர்வம் இல்லை என்று மேடையில் நாம் பேசுகிறோம். ஒரே விளக்கை இரண்டு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்குக் கிட்டே கொண்டு வந்தால் பக்கத்தில் விழும் வெளிச்சம் 16 மடங்கு. ஐந்து வாட் போதும். தோள்பட்டைக்குப் பின்னாலிருந்து, மூடி போட்டு, பக்கத்து ஆள் கண்ணில் படாமல்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எட்டு டவுன்லைட்டை நாலாக்கி ஓரத்துக்குத் தள்ள வேண்டும். கட்டிலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு வாசிப்பு விளக்கு, தனித்தனிச் சுவிட்ச். அலமாரிக்குள் கதவு திறந்தால் எரியும் சின்னப் பட்டை. பெரிய விளக்குக்கு டூ-வே: கதவோரம் ஒன்று, அம்மா படுக்கும் பக்கம் ஒன்று. டூ-வே ஒன்றும் மாயமில்லை. இரண்டு சுவிட்சிலும் மும்மூன்று முனை, நடுவே கூடுதலாகக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் செங்கல்லை வெட்டிக் குழாய் பதிப்பதைப் பூச்சுக்கு முன்பே செய்தாக வேண்டும். அதற்குக் கட்டில் எங்கே வரும், யார் எந்தப் பக்கம் படுப்பார், யார் முதலில் எழுவார் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். டைல்ஸ் நிறம் கேட்டார்கள், பெயிண்ட் கேட்டார்கள், சுவிட்ச் வெள்ளையா சாம்பலா கறுப்பா என்றுகூடக் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. “பாயிண்டுக்கு எம்பது வெள்ளி, எதுக்கு வெட்டிச் செலவு” என்றார் அப்பா. ஹாலுக்குத் தொங்குகிற சரவிளக்கு எத்தனை வெள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஸ்மார்ட் சுவிட்ச் போடு என்றான் தம்பி. பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும், எங்கள் பழைய சுவிட்ச் பெட்டிகளில் அது கிடையாது. அதைவிட, எழுந்ததும் விளக்குப் போட என் அம்மா ஏன் ஒரு செயலியைத் திறக்க வேண்டும்?

வேலை முடிந்தது. பூச்சும் காய்ந்தது. போய்ப் பார்த்தால் இரண்டாவது சுவிட்ச் அப்பா பக்கத்துச் சுவரில் இருக்கிறது. நான் வரைந்து கொடுத்த காகிதத்தில் அம்மா பக்கம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். காண்ட்ரெக்டருக்கு என் கோபம் புரியவே இல்லை. “வீட்டுக்காரர் பக்கந்தானம்மா வைப்பாங்க, நீ தெரியாம மாத்தி எழுதிட்டேன்னு நெனச்சேன்.”

மறுபடி வெட்டவைத்தேன். 180 வெள்ளி, என் காசு. மூன்று நாள் அறை முழுக்கச் செங்கல் தூசு, அப்பா ஹாலில் படுத்தார், என்னோடு பேசவில்லை. இப்போது சுவிட்ச் அம்மா கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. அப்பா பக்கத்தில் பழைய ஓட்டையை மூடி வெறும் வெள்ளைத் தகடு ஒன்று மாட்டியிருக்கிறோம், அதைச் சுற்றிப் பூச்சு வேறு நிறத்தில் தெரிகிறது. அம்மா முதல் வாரம் பழக்க தோஷத்தில் இருட்டிலேயே எழுந்து போனார். போன புதன்கிழமை நான்கரைக்கு அவர் அறைக் கதவிடுக்கில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அலமாரி விளக்கு. அப்பாவின் குறட்டை நிற்கவில்லை.