படம் எடுத்தது போதும், நேரசூசியைக் கேட்போம்

எங்கட வட்டத்தில் மூன்று பேர் முன்பள்ளி ஆசிரியைகள். மற்ற ஆக்கள் புத்தகம் வாசித்து விமர்சனம் எழுதித் திரிகிறவர்கள்தான். போன வருசம் அந்த மூன்று பேரோடும் சேர்ந்து நாங்களும் ஒரு ஸூம் கூட்டத்தில் இருக்கத் தொடங்கினோம். மறுபக்கத்தில் நியூசிலாந்தில் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்கிற சிலர். எங்களுக்கு மத்தியானம் ஒரு மணி என்றால் அவர்களுக்கு இரவு ஏழரை. சும்மா பார்ப்போம் என்றுதான் போனோம்.

வெளிநாட்டு அறிவு எங்கட முன்பள்ளிக்குள் வருவது புதிதல்ல. மரியா மொண்டிசோரியே 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி கொடுத்திருக்கிறார். இன்றைக்குச் சந்திக்குச் சந்தி பெயர்ப்பலகையில் 'மொண்டிசோரி' இருக்கிறது. உள்ளே நாலு வயதுப் பிள்ளை ஒற்றை றூல் கொப்பியில் பக்கம் முழுக்க 'அ' எழுதிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்த செயலமர்வுகளிலும் இதே கதைதான். வளவாளர் திரையில் படம் காட்டுவார்: மர விளையாட்டுச் சாமான், கண்ணாடி யன்னல், சிரிக்கிற பிள்ளைகள். நாங்கள் போனில் அதைப் படம் எடுப்போம். திங்கட்கிழமை சுவரில் கலர் மட்டை ஒட்டுவோம். அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தில் முதலில் கதைத்தது 'தெ ஃபாரிக்கி' பற்றி. 1996இல் நியூசிலாந்து அரசு வெளியிட்ட சிறுபிள்ளைக் கலைத்திட்டம் அது. மாவோரி மொழியில் ஃபாரிக்கி என்றால் இழைத்த பாய். கணக்கு, மொழி என்று பாடம் பாடமாகப் பிரிக்காமல் நலம், சேர்ந்திருத்தல், பங்களிப்பு, தொடர்பாடல், தேடியறிதல் என்று ஐந்து இழைகளை வைத்திருக்கிறார்கள். பாய் இழைக்கிற ஊரில் பிறந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்த ஆள் தேவையில்லை. அதற்குப் பின்னால் இருக்கிற கதைதான் எங்களை உலுப்பியது. தங்கட மொழி பிள்ளைகளின் வாயில் இருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று கண்ட மாவோரி மக்கள், 1982இல் 'கோஹங்கா ரேயோ', அதாவது மொழிக்கூடு, என்று தொடங்கினார்கள். அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் வந்து பிள்ளைகளோடு மாவோரியில் மட்டும் கதைக்கிற இடம். கலைத்திட்டத்துக்குள் மாவோரிச் சிந்தனை வந்ததற்கு இந்தக் கூடுகளும் ஒரு காரணம்.

அங்கிருந்து ஒரு அக்கா கேட்டா, "உங்கட பிள்ளைகள் எந்த மொழியில விளையாடுறவை?" நாங்கள் சிரித்துவிட்டுப் பிறகு பேசாமல் இருந்தோம். "அம்மம்மா வீட்ட ஆடு குட்டி போட்டது" என்று ஓடி வந்து சொல்கிற பிள்ளையிடம் "அதை இங்கிலீசில சொல்லுங்கோ" என்று கேட்பதைப் பெருமையாக நினைக்கிற முன்பள்ளிகள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கலைவிழா மேடையில் முக்கால்வாசியும் விளங்காத பாட்டு. (கொக்கான் எப்படி விளையாடுறது என்று அந்த அக்கா கேட்க, எங்களில் ஒருவருக்கும் மூன்றாம் கல்லுக்கு மேல் போகத் தெரியவில்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.)

அவர்களிடம் நாங்கள் எடுத்துக்கொண்டது 'கற்றல் கதை'. புள்ளி போடாமல், பிள்ளை செய்ததை ஆசிரியை கவனித்து, அந்தப் பிள்ளைக்கே எழுதும் ஒரு சின்னக் கடிதம். எங்கட தோழி ஒருத்தி முயன்று பார்த்தாள். சிரட்டையில் ஈரமண்ணை அமத்தி இட்லி அவித்து, வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி எண்ணி வைத்து, வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்கும் ஒன்று தனியாக எடுத்துவைத்த பெடியனைப் பற்றி எழுதினாள். தாய் வந்து சொன்னா, "ரீச்சர், வாசிக்க அழுகை வந்திட்டுது. ஆனா இவன் இன்னும் 'அ' வடிவா எழுதுறான் இல்லையே."

அந்தத் தாயைப் பார்த்து நாங்கள் சிரிக்க மாட்டோம். ஐந்து வயதில் தரம் ஒன்று, தரம் ஐந்தில் புலமைப்பரிசில் என்று ஓட்டப்போட்டியை வைத்துவிட்டு, மூன்று வயதில் ஓடத் தொடங்காதே என்று அவவிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பாடசாலை என்று மேடையில் சொல்கிற எங்கட ஆக்கள், அந்த ஏழு வயதுக்குப் பிறகு அங்கே இப்படி ஒரு பரீட்சை காத்திருக்கவில்லை என்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் கற்றல் கதை நின்றுபோனதற்குக் காரணம் அந்தத் தாய் இல்லை. இருபத்திநாலு பிள்ளைகள், ஒரு ஆசிரியை. கடிதங்களை இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எழுதினாள். "நீங்கள் எப்ப எழுதுவீங்கள்?" என்று அந்த அக்காவிடம் கேட்டோம். பிள்ளைகள் இல்லாத சில மணித்தியாலம் வாரத்தில் இதற்கென்றே இருக்கிறதாம், சம்பளத்தோடு. அதையும் சும்மா கொடுக்கவில்லை. பாடசாலை ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும் என்று அவர்கள் இன்னமும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

செயலமர்வுப் படங்களில் அதிகம் வருகிற இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியாவும் இப்படித்தான். 1945இல் போர் முடிந்த கையோடு, அந்நகருக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்ற ஊரில், ஜேர்மன் படை விட்டுப்போன யுத்தத் தாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்ற காசில் சனங்களே பள்ளி கட்டினார்கள். கேள்விப்பட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர்தான் லோரிஸ் மலகுஸ்ஸி. 1963இல் மாநகர சபை தன்னுடைய முதல் முன்பள்ளியைத் திறந்தது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள், கலைக்கூடத்துக்குத் தனியாள், கூடிக் கதைக்கவும் பதியவும் வேலைநேரத்துக்குள்ளேயே நேரம். இது ஒன்றும் படத்தில் தெரியாது.

எங்கட போருக்குப் பிறகு வன்னியில் பல முன்பள்ளிகள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போயின. அங்கு வேலை செய்த ஆசிரியைகளுக்கு மாகாண சபையின் கீழ் இருந்தவர்களைவிடக் கூடச் சம்பளம். சனங்கள் முன்பள்ளியைத் தங்கட கையில் வைத்திருக்காவிட்டால் யார் வந்து எடுப்பார்கள் என்பதற்கு எங்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. போன பெண்களைக் குறை சொல்லவும் மாட்டோம். அடுப்பு எரிய வேணும்.

அடுத்த கூட்டத்துக்குக் கேள்வி எழுதி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் போன பிறகு உங்களுக்கு எத்தனை மணித்தியாலம்? சம்பளத்தைக் கேட்கப் போனபோது யார் கூட நின்றார்கள், பெற்றோர் வந்தார்களா? அந்த இட்லிக் கடிதத்தை மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள். 'சிரட்டை'யை எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.