காலம் கடந்து வரும் கணக்கு

அஸ்பெஸ்டாஸ் என்னும் பெயர், 'அணைக்க முடியாதது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நெருப்புக்கு அஞ்சாத அந்தக் கனிமத்தைத் தமிழ் கல்நார் என அழைக்கிறது. கல்லாய் இருந்தும் நாராய்ப் பிரிவது அதன் சிறப்பு. அதன் கேடும் அதுவே. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகளாகிக் காற்றில் மிதக்கும் கல்நாரை மூச்சோடு உட்கொண்ட நுரையீரலால் அதனைக் கரைக்கவும் இயலாது, முற்றாக வெளியேற்றவும் இயலாது. ஆண்டுகள் உருள உருள நுரையீரல் தழும்பேறி இறுகும். அல்லது அதனைச் சூழ்ந்த சவ்வில் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் முளைக்கும். தூசியை உண்ட நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் இடையே இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூடக் கழிந்துவிடும்.

இந்த இடைவெளியே முதலாளிகளின் கோட்டை. தொழிலாளி நோயுற்று வழக்காடு மன்றத்தின் படியேறும்போது ஆலை மூடப்பட்டிருக்கும், ஏடுகள் அழிந்திருக்கும், நிறுவனம் பெயர் மாறியிருக்கும். இழப்பீட்டுச் சட்டமோ, விரல் நசுங்கியவனையும் சாரத்திலிருந்து விழுந்தவனையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நாற்பது ஆண்டு கழித்து விழும் அடியை அது எங்ஙனம் அறியும்?

"அக்காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்பது நிறுவனங்களின் முதல் வாதம். அது பொய். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-இல், 33 வயதில், மாண்டாள். அவள் நுரையீரலில் கல்நார்த் துகள்கள் கிடந்ததை மருத்துவர் குக் கண்டறிந்து, அவ்வாண்டே மருத்துவ ஏட்டில் வெளியிட்டார். ஆலையோ கல்நார் நஞ்சன்று என மறுத்து, ஈமச் செலவுக்குக்கூட உதவ மறுத்தது. கொடுத்தால் அது பிறருக்கு முன்மாதிரியாகிவிடுமாம்! 1931-இல் பிரிட்டிஷ் அரசு கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்த விதிகளே வகுத்தது. 1960-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் மீசோதீலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினர். தெரியவில்லை என்பவர் தெரிந்துகொள்ள விரும்பாதவரே.

இரண்டாம் வாதம் நுட்பமானது: "ஆலை எங்களுடையதன்று, எங்கள் துணை நிறுவனத்துடையது." மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூமில் நீலக் கல்நார்ச் சுரங்கத்தை நடத்தியது சி.எஸ்.ஆர். என்னும் சர்க்கரை நிறுவனம்! 1966-இல் சுரங்கம் மூடப்பட்டபின் நோயாளிகள் வழக்கிட்டபோது அது துணை நிறுவனத்தைக் கைகாட்டியது. 1988-இல் மேற்கு ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அந்தத் திரையை விலக்கித் தாய் நிறுவனத்தையே பொறுப்பாக்கியது.

அதே திரையைப் பின்னர் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனம் புதிய பட்டால் நெய்தது. பல பத்தாண்டுகள் கல்நார்ச் சிமெந்துத் தகடுகளால் ஆஸ்திரேலிய இல்லங்களை நிரப்பிய நிறுவனம் அது. 2001 பிப்ரவரியில் தன் பழைய கல்நார்த் துணை நிறுவனங்களை ஓர் அறக்கட்டளையின் கையில் ஒப்படைத்தது. ஏறத்தாழ 293 மில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி வைத்துள்ளதாகவும், நோயாளிகளுக்கு அது முழுமையாகப் போதும் எனவும் அறிவித்தது. அவ்வாண்டே தாய் நிறுவனம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. ஆஸ்திரேலியத் தீர்ப்புகளை நிறைவேற்றுவதற்கான ஒப்பந்தம் இல்லாத நாடு அது! நியூ சவுத் வேல்ஸ் அரசு அமைத்த ஜாக்சன் விசாரணை 2004-இல் உண்மையை உடைத்தது: வரவிருக்கும் இழப்பீட்டுக்கு 1.5 பில்லியன் வெள்ளிக்கும் மேல் வேண்டும். அறக்கட்டளையில் இருந்ததோ அதில் சிறு பங்கு.

அதன்பின் நிறுவனத்தைப் பணியவைத்தது சட்டமன்று, தொழிற்சங்கங்களும் நோயாளிகளுமே. ஹார்டி ஆலையில் பணியாற்றிய பெர்னி பான்டன், மூக்கில் உயிர்வளிக் குழாயோடு மேடைதோறும் நின்றார். 2007 பிப்ரவரியில் பங்குதாரர்கள் புதிய இழப்பீட்டு நிதிக்கு இசைந்தனர்; அவ்வாண்டு நவம்பரில் பான்டன் மறைந்தார். நிதி போதும் என்ற அறிவிப்புக்கு ஒப்புதல் தந்த முன்னாள் இயக்குநர்கள் கடமை தவறினர் என்பதை 2012-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவ்வழக்கின் குற்றம் பங்குச் சந்தைக்குப் பொய்யான தகவல் தந்தது. தொழிலாளியின் நெஞ்சில் தூசியை நிரப்பியது அன்று.

பொறுப்பு முடிவின்றி நீண்டால் எந்தத் தொழில்தான் தழைக்கும் என்பார் உளர். ஈட்டிய ஆதாயம் மட்டும் முடிவின்றித் தலைமுறை தலைமுறையாகப் பங்குதாரர் கைகளில் தங்கலாம். அதே ஆதாயத்தின் கடன் மட்டும் ஆலைக் கதவோடு மூடப்பட வேண்டுமா?

ஆஸ்திரேலியக் கதை இங்கெதற்கு என மாணவர் எவரேனும் வினவலாம். சிங்கப்பூர் 1989-இல் கட்டடங்களில் கல்நார் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 2014-இல் அதனை அகற்றும் பணிக்கும் தனி விதிகள் கண்டது. நன்றே. ஆயினும் தடைக்கு முன் எழுந்த கட்டடங்களை இடிக்கவும் செப்பனிடவும் வருவோர் யாவர்? புதுக்கோட்டையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் கடன்பட்டு வரும் இளைஞரும் அவருள் அடங்குவர். வேலை அனுமதியின் ஆயுள் சில ஆண்டுகள். நோயின் ஆயுள் நாற்பது. ஐம்பத்தைந்தாம் வயதில் தன் ஊர்த் திண்ணையில் மூச்சுத் திணறும் ஒருவர், இளமையில் எந்தக் கட்டடத்தில், எந்த ஒப்பந்தக்காரரிடம், எத்தனை நாள் தூசியில் நின்றார் என்பதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலை தொடங்கிய நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஆலை காக்க வேண்டும் என்பது அதன் ஆணை. நோயின் காலத்தை அறிந்து எழுதிய தீர்ப்பு அது. ஆனால் கடல் கடந்து உழைத்துத் திரும்புபவருக்கு ஆலையில் உறங்கும் ஏடு போதாது. அதன் படி அவர் கையிலேயே இருக்க வேண்டும். பணியிடத்தின் பெயர், ஒப்பந்தக்காரரின் பெயர், கல்நாரோடு பழகிய நாள்களின் எண்ணிக்கை, பணி முடிந்த நாளில் எடுத்த நெஞ்சுப் படம் ஆகியவற்றைத் தாங்கிய ஒரு தாள், அவரது விமானச் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படுதல் வேண்டும். அந்தத் தாளை எழுதித் தரும் கடமை, கூலி கொடுத்தவரைச் சார்ந்தது.