முன்னோர் ஏறிய மலைவழி

மேனாட்டார் விடுமுறையைக் கழிக்கும் முறைகளுள் ஒன்று நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. மலைகள் அருகே நிற்கும் கடற்கரையூர் ஒன்றில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பர். உணவும் உறக்கமும் அங்கே. நாள்தோறும் காலையில் ஒரு மலைவழியே நடந்து சென்று மாலையில் வீடு திரும்புவர். பத்து நாளில் பத்து ஊர்களைத் தொட்டுவிட்டு ஓடி வருவதில்லை. ஒரு நிலத்தைக் காலால் அறிந்து வருவர்.

இடுக்கி, பாலக்காட்டு எல்லைகளில் வாழும் நம் இல்லத்தாருக்கு இது இயலுமா? கடல் நமக்கு அருகில் இல்லை. மூணாற்றிலிருந்து கொச்சிக் கடற்கரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆனால் மலை நம் வாயிலிலேயே நிற்கிறது. அதுமட்டுமன்று, இம்மலைக்கும் ஒரு கடலுக்கும் இடையே பழைய உறவொன்றும் உண்டு. அவ்வுறவு நம் குடும்பங்களின் கதையோடு பின்னிக் கிடப்பது.

மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் மேற்குக் கடலை நோக்கிச் செல்லவில்லை. கிழக்கே இறங்கித் தமிழ் நாட்டு வழியாகவே கடலை அடைந்தது. 1902-ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைத்தனர். அதில் வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908-இல் அது இரண்டடி அகலமுள்ள சிறு இரயில் பாதையாக மாறியது. மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் என்னும் உச்சி நிலையத்திற்குத் தேயிலைப் பெட்டிகள் சென்றன. அங்கிருந்து கம்பிவட வழியே கொட்டகுடியில் இறங்கின. பின் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூரை அடைந்து, மேலும் பயணம் செய்து தூத்துக்குடியில் கப்பலேறின. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. மூணாற்றிலிருந்த பழைய நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

தேயிலை இறங்கிய அம்மலைச் சரிவிலேதான் மனிதர்கள் ஏறினார்கள். கங்காணிகளின் சொல்லை நம்பி, திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் புறப்பட்டவர்கள் அவர்கள். போடியையும் குரங்கணியையும் கடந்து, மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து ஏறினார்கள். தேயிலைக்குக் கம்பிவடம் இருந்தது. மனிதருக்குக் கால்களே இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் புதிய கேரள மாநிலத்தில் சேர்ந்தபோது, அவர்களும் அவர்தம் மக்களும் இருந்த இடத்திலிருந்தே வேறு மாநிலத்தார் ஆயினர்.

இன்று அவர்களுடைய பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் அந்த எல்லையைப் பேருந்தில் உறங்கிக்கொண்டே கடக்கின்றனர். "நாம் ஏன் இங்கே இருக்கிறோம்?" என்று ஒரு குழந்தை கேட்டால், வீட்டில் அமர்ந்து சொல்லும் விடை அதன் செவியோடு நின்றுவிடும். மலைவழியில் ஒரு நாழிகை நடக்கவைத்துச் சொன்னால் அது உடலில் பதியும். ஆதலால், வரும் விடுமுறையில் ஐந்தாறு நாளேனும் ஓரிடத்தில் தங்கி நடந்து பாருங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

மூணாற்றில் தங்குவோர் டாப் ஸ்டேஷன் வரை பேருந்தில் சென்று, அங்கே அனுமதியுள்ள வழிகளில் நடக்கலாம். கீழே கொட்டகுடிப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளை அருகிலேயே காணலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்து 2030-இல் எதிர்பார்க்கலாம்.

குமுளியில் தங்குவோர் பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தில் வனத்துறை வழிகாட்டிகளோடு நடக்கலாம். முன்னர்க் காட்டில் மரப்பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்து விற்றவர்கள் சிலர், பின்னர் அக்காட்டின் காவலராயும் வழிகாட்டிகளாயும் மாறியது வியத்தற்குரிய செய்தி. சித்திரை முழுநிலவன்று மட்டும் மங்கலதேவி மலையிலுள்ள கண்ணகி கோயிலுக்குச் செல்ல இரு மாநில அரசுகளும் வழிவிடுகின்றன. தமிழகப் பக்கத்தில் பளியன்குடியிலிருந்து நடந்தே ஏறுகின்றனர்.

பாலக்காட்டார்க்குப் பறம்பிக்குளம் உண்டு. அது பாலக்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், சாலைவழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. கேரளத்தின் காட்டைக் காணத் தமிழகத்தின் வழியே செல்ல வேண்டியிருப்பது, மலை எல்லைக்கோடுகளை அறியாது என்பதற்குச் சான்றன்றோ? பல நூற்றாண்டு கண்ட கன்னிமாரா தேக்கு மரம் அங்கே நிற்கிறது.

இனி, தாய்மார்களும் தந்தைமார்களும் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி. மலை அன்புடையதுதான், ஆனால் அறியாமையை மன்னிப்பதன்று. 2018 மார்ச் 11-ஆம் நாள் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் நடைப்பயணம் சென்ற குழுவினர் சிக்கினர். 23 பேர் மாண்டனர். காய்ந்த புற்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். மனிதன் அதனோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது. ஆதலால் கோடைத் தொடக்கத்தில் புல்வெளி மலைகளுக்குச் செல்லற்க. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மண்சரிந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளில் 70 உயிர்கள் மறைந்தன. அவர்கள் விடுமுறைக்கு வந்தவரல்லர்; நம் உறவினர், உழைத்துக் களைத்து உறங்கியவர்கள். ஆதலால் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் மலைச்சரிவை நாடற்க. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே நடைக்கு ஏற்றவை.

வனத்துறையின் இசைவின்றிக் காட்டில் ஓரடியும் வைக்கலாகாது. தமிழக அரசு 2024-இல் 40 நடைவழிகளை வகுத்து, முன்பதிவும் வழிகாட்டியும் ஏற்படுத்தியது. குரங்கணி–சாம்பலாறு வழி அவற்றுள் ஒன்று. விடியலில் புறப்பட்டு, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் திரும்புக. யானை நடமாடும் இடங்களில் அந்திப்பொழுது நமக்குரியதன்று. அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, பசிக்குப் புளிச்சோறு, குளிருக்குச் சுக்குக் காப்பி, நெகிழிப் பையில்லாத மூட்டை: இவை போதும். வீட்டில் முதியவர் இருந்தால், அவரை வண்டியிலேனும் மலையுச்சிக்கு அழைத்துச் செல்க. அவர் சுட்டிக்காட்டும் சரிவை எந்த வழிகாட்டியும் காட்ட இயலாது.

2023-ஆம் ஆண்டு போடிக்கு மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. கால் வலிக்க நடந்தபின், பிள்ளைகளை அதில் ஏற்றி மதுரைக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் அழைத்துச் செல்க. தேயிலைப் பெட்டி சென்ற கடலை அவர்களும் ஒருமுறை காணட்டும். அப்பெட்டியை நிரப்பிய கைகள் எவருடையவை என்பதை அக்கரையில் நின்று நீங்கள் சொல்லலாம்.