எந்திரத்துக்கு ஆணையிடும் மொழி: ஓசூர்ப் பிரகடனம்

ஓசூர் சிப்காட்டிலும் கிருஷ்ணகிரித் தொழிற்கூடங்களிலும் பணியாற்றும் மொழிப் பொறியாளர்களாகிய நாங்கள் இன்று ஓர் இயக்கமாக எழுகிறோம். 1980-இல் டிவிஎஸ் 50-ஐ நாட்டுக்குத் தந்தது இந்த மண். டைட்டன் கடிகாரத்தைத் தந்ததும் இந்த மண்ணே. ஆக்கத்தில் நமக்குக் குறைவில்லை. ஆக்கும் எந்திரத்துக்கு ஆணையிடும் மொழியை மட்டும் இரவல் பெற்றோம். அந்தக் காலம் முடிந்தது.

கணினி ஆணையில் இயங்கும் சிஎன்சி எந்திரங்களை இன்றும் ஆள்வது ஜி-கோடு என்னும் ஆணைமொழி. 1950களில் வேர்கொண்டு, 1982-இல் ஐஎஸ்ஓ 6983 எனத் தரம் பெற்றது. ஆணைகளைத் துளைநாடாவில் பதித்த காலத்தின் சிக்கனம் அதன் அறம். மனிதனின் தெளிவு அதன் கவலையன்று. டூல் 100 மில்லிமீட்டர் மேலேற வேண்டிய வரியில், எண்ணின் பின்னே ஒரு புள்ளி விடுபட்டால், பல கண்ட்ரோலர்கள் அதை 100 மைக்ரான் என்றே கொள்கின்றன. டூல் மேலேறுவது 0.1 மில்லிமீட்டர், அடுத்த வரியின் விரைவு நகர்வில் கிளாம்பில் மோதுகிறது. ஸ்பிண்டில் பழுதாகிறது, பழி இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர்மீது விழுகிறது.

அந்தப் பழியை மறுக்கிறோம். பிழையை அனுமதித்த இலக்கணமே பிழையின் பிறப்பிடம். அலகுக் குழப்பத்தால் 1999-இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அழிந்தது. இத்தகைய குழப்பத்தைத் தடுக்க வழி உண்டு: மீட்டரோடு வினாடியைக் கூட்ட முனைந்தால் எஃப் ஷார்ப் நிரல்மொழியின் கம்பைலர் மறுக்கிறது. விண்கலத்துக்கு உரிய பாதுகாப்பு லேத்துக்கும் உரியது. அலகில்லாத எண்ணை, நாங்கள் உருவாக்கும் புதிய ஆணைமொழி ஏற்காது. பிழையுள்ள புரோகிராம் உலோகத்தைத் தொடாது.

கண்ட்ரோலர் மாறினால் புரோகிராம் செல்லாது என்னும் அடிமைத்தனத்தை மறுக்கிறோம். வெறும் எண்ணாகத் திரையில் மின்னும் அலாரத்தை மறுக்கிறோம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லை இது. வடக்கிலிருந்து வந்தோரின் இந்தியும் ஒடியாவும் இன்று இங்கே கேட்கின்றன. பிழை எங்கே, ஏன், எப்படித் திருத்துவது என்பதை அவரவர் மொழியில் சொல்வது கம்பைலரின் கடமை. முத்தையா அண்ணாமலையின் எழில் என்னும் தமிழ் நிரல்மொழி, நிபந்தனையை முன்வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்வைத்தது. தமிழின் சொல்லடுக்கில் கணினி இயங்கும் என்று நிறுவியது. அந்தத் துணிவின் வழித்தோன்றல்கள் நாங்கள்.

பழைய புரோகிராம்களை அழிக்க வரவில்லை. அவற்றில் ஒரு தலைமுறையின் உழைப்பு உறைந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை ஒழிக்காமலே அதன்மேல் வகை ஒழுங்கை நிறுவியது 2012-இல் வந்த டைப்ஸ்கிரிப்ட். எங்கள் மொழியும் ஜி-கோடாகவே இறங்கி, இன்றுள்ள எந்திரங்களிலேயே ஓடும். முதலாளிக்குப் புதிய எந்திரச் செலவில்லை. தொழிலாளிக்குப் பழைய அச்சமில்லை. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும். அதன் இலக்கணம் எந்த நிறுவனத்துக்கும் தனியுடைமையாகாது.

ஆபரேட்டர்களே, செட்டர்களே, ஐடிஐ மாணவர்களே! உங்கள் எந்திரத்தில் மோதலை விளைவித்த வரிகளைக் கொண்டுவாருங்கள். எங்கள் இலக்கணத்தின் முதல் விதிகளை அவற்றிலிருந்தே எழுதுவோம்.