பஸ்ஸுக்கு வேண்டிய சிங்களம்

அக்குறணையிலும் மடவளையிலும் நம் சகோதரிகள் சிலருக்குத் தனியாக பஸ் ஏறத் தயக்கம். பாதை தெரியும், சிங்களம்தான் தொண்டையில் நிற்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தாலும், கடையிலிருந்து கணவர் வரும்வரை காத்திருப்பார்கள். அந்நிய ஆணிடம் பேசுவதா என்று கூசுவோரும் உண்டு. தேவைக்குரிய பேச்சுக்கு மார்க்கத்தில் தடையில்லை.

1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது உண்மைதான். மிதிபலகையில் தொங்கும் கண்டக்டரிடம் அரசியலமைப்பையா காட்டுவது?

ஏறுமுன் “மேக்க அக்குறண யனவத?” என்று கேளுங்கள். இது அக்குறணை போகுமா என்பது பொருள். மாத்தளை பஸ்ஸும் அவ்வழியே போவதால் போர்டில் ஊர்ப் பெயர் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். எவ்வளவு என்பதற்கு “கீயத?” மீதிக்கு “இத்துரு சல்லி தென்ன”. சல்லி நமக்கும் சல்லிதானே!

குழப்புவது வேறு. கண்டக்டர் “என்ன, என்ன” என்றால் கேள்வி கேட்கவில்லை, வாருங்கள் என்கிறார். “யன்ன” போங்கள். “இன்ன” இருங்கள். “அய்யா” என்றால் அண்ணன். “மல்லி” தம்பி, கறிக்குப் போடுவதல்ல.

ஆஸ்பத்திரியடியில் இறக்கிவிட “இஸ்பிரிதாலெ லங்கின் பஸ்ஸன்ன” என்று டிக்கட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இறங்குமிடத்துக்கு ஒரு ஹோல்ட் முன்பே “பஹினவா” என்று குரல் கொடுங்கள். பஸ் என்பதிலுள்ள ‘ப’தான் இதற்கும். பிள்ளை இறங்கச் சுணங்கினால் “பொட்டக் இன்ன”, கொஞ்சம் பொறுங்கள். உச்சரிப்பை அடுத்த வீட்டுச் சிங்கள அக்காவிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.