பேராசிரியர் திருப்பிக் கொடுத்த கட்டணம்

1764-ம் ஆண்டின் தொடக்கத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அறவியல் பேராசிரியர் ஆடம் ஸ்மித் தன் கடைசி வகுப்பை முடித்ததும் பையிலிருந்து சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களை எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் கட்டிய கட்டணம் இருந்தது. இளம் பக்லூ கோமகனுக்குத் தனி ஆசிரியராக அவர் பிரான்ஸுக்குப் புறப்படவிருந்தார். கல்வியாண்டின் நடுவில் போகிறோமே என்ற உறுத்தல் அவருக்கு. முதலில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட மாணவர், கொடுத்ததைவிட அதிகமாகவே கற்றுவிட்டோம் என்று சொல்லிப் பணத்தை வாங்க மறுத்தார். ஸ்மித் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்தார். மற்றவர்களும் வேறு வழியின்றி வாங்கிக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் எஞ்சிய பாடங்களை நடத்த இன்னொருவரை அவர் ஏற்பாடு செய்திருந்தார். மாணவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பணத்தை வைத்துக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

பின்னாளில், 1776-ல் வெளியான 'நாடுகளின் செல்வம்' நூலில் இதே ஸ்மித் ஆசிரியர்களின் ஊதியம் பற்றிக் கடுமையாக எழுதினார். அறக்கட்டளைப் பணத்திலிருந்து நிலையான சம்பளம் வாங்குகிறவருக்கு உழைக்கத் தூண்டுதல் இல்லை. வருமானம் மாணவர் கட்டணத்தைச் சார்ந்திருந்தால்தான் அக்கறையோடு கற்பிப்பார் என்பது அவர் வாதம். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் 1740 முதல் 1746 வரை இருந்தபோது, பாடம் நடத்தாமலே காலம் தள்ளிய பேராசிரியர்களைக் கண்ட கசப்பு அதில் உண்டு. கல்வியை முழுக்கச் சந்தையிடம் விட்டுவிடலாம் என்பவர்களுக்கு இந்த வாதம் மிக வசதியானது.

அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால், முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதை மறுக்க ஸ்மித்தின் ஆசிரிய வாழ்க்கையே போதும்.

1751-ல் தர்க்கவியல் பேராசிரியராகச் சேர்ந்த அவர், மறு ஆண்டே அறவியல் துறைக்கு மாறினார். அவருடைய ஆசிரியர் ஃபிரான்சிஸ் ஹட்சசன் முன்பு வகித்த பொறுப்பு அது. லத்தீனை விட்டு ஆங்கிலத்தில் பாடம் சொன்ன முன்னோடி ஹட்சசன். ஸ்மித்தின் பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள் இருந்ததாக அவரிடம் படித்த ஜான் மில்லர் பதிவு செய்திருக்கிறார்: இயற்கை இறையியல், அறவியல், நீதியியல், கடைசியாக நாட்டின் செல்வமும் வணிகமும். இன்று நாம் பொருளியல் என்று தனியே பிரித்து வைத்திருப்பது, அறவியல் வகுப்பின் நான்காவது பகுதியாகத்தான் அவரிடம் வளர்ந்தது.

பாடம் நடத்தும்போது, முகபாவம் எளிதில் தெரிகிற மாணவர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவர் முகத்தையே ஸ்மித் கவனிப்பாராம். அந்த மாணவர் முன்னால் சாய்ந்து கேட்டால் எல்லாம் சரி. சோர்ந்து பின்னால் சாய்ந்தால் சொல்லும் முறையை மாற்றியாக வேண்டும். இந்த அக்கறையைக் கட்டணம் மட்டுமே கொண்டுவந்துவிடாது. கட்டணத்துக்காக மட்டும் கற்பிக்கிறவர் மாணவருக்குப் பிடித்ததைச் சொல்வார். புரிய வேண்டியதைச் சொல்வதற்கு வேறு மனம் வேண்டும்.

அந்த மனம் எது என்பதை 1759-ல் வந்த 'அறவுணர்வுகளின் கோட்பாடு' நூலில் அவரே விளக்கியிருக்கிறார். நம் செயலை நமக்குள்ளிருந்தே பார்க்கும் நடுநிலையாளர் ஒருவர் உண்டு. வெளியே யாரும் கேட்காத கேள்வியை அவர் கேட்பார். பொட்டலங்களைக் கட்டவைத்தவர் அவர்தான். இறக்கும் ஆண்டான 1790-லும் இந்த நூலைத்தான் ஸ்மித் விரிவாகத் திருத்தி வெளியிட்டார். கிளாஸ்கோவில் கற்பித்த 13 ஆண்டுகளையே தன் வாழ்வின் மிகப் பயனுள்ள, மகிழ்ச்சியான காலமாக அவர் நினைவுகூர்ந்தார்.

ஸ்மித்தைச் சந்தையின் தந்தையாக மட்டும் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவது அவருக்கும் மாணவர்களுக்கும் இழைக்கும் அநீதி. பொருளியல் துறைகள் அவருடைய அறவியல் நூலையும் முதலாண்டிலேயே கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும்.