மக்கரோனியும் வெள்ளிக்கிழமையும்

மேனாட்டு உணவுகளிற் சில நம் வீடுகளுக்கு விருந்தாளியாக வந்து, நாளடைவில் வீட்டு மனிதராகவே ஆகிவிட்டன. பாண் அவ்வாறு வந்தது. கேக் அவ்வாறு வந்தது. மக்கரோனியும் அவ்வாறே வந்தது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பரீட்சை முடிந்த நாளென்றாலும், பிறந்த நாளென்றாலும், பிள்ளைகள் ஆசையோடு கேட்கும் பதார்த்தங்களில் சீஸ் சேர்த்து வெதுப்பிய மக்கரோனியும் ஒன்றாகிவிட்டது.

ஆயினும் இப்பதார்த்தம் நம் அடுக்களைக்கு ஒரு சிக்கலையும் உடன்கொண்டு வந்திருக்கின்றது. சைவக் குடும்பங்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மரக்கறி நாள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டையும் இல்லை. பாலும் மாவுந்தானே என்று எண்ணித் தாயார் மக்கரோனியைச் செய்து மேசையில் வைக்கிறார். வீட்டிலுள்ள அம்மம்மாவோ, “சீஸை என்னத்தாலை உறைய வைக்கிறவை, பிள்ளை?” என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறார். நகைத்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. அதற்கு விடை கூறுவதும், இப்பதார்த்தத்தை வீட்டிலேயே செம்மையாகச் செய்யும் முறையை விளக்குவதும் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பணியாகும்.

முதலில் இதன் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்ப்போம். மக்கரோனி இத்தாலி நாட்டாரின் உணவு. அதனைச் சீஸோடு சேர்த்துண்ணும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் றிச்சர்டின் சமையற்காரர் தொகுத்த ஏட்டிலேயே, மாவைத் தட்டி வெட்டி அவித்து, சீஸும் வெண்ணெயும் இட்டு அடுக்கும் முறையொன்று காணப்படுகின்றது. 1769ஆம் ஆண்டில் எலிசபெத் றஃபால்ட் என்னும் ஆங்கில மாது வெளியிட்ட சமையல் நூலில், பாலாடையும் மாவிற் புரட்டிய வெண்ணெயும் சேர்த்து மக்கரோனி ஆக்கும் வகை சொல்லப்பட்டிருக்கின்றது. இன்று நாம் செய்வது ஏறக்குறைய அதுவேயாகும்.

நம் நாட்டில் இத்தகைய உணவுகளுக்கு இடங்கொடுத்தவர்களிற் பறங்கியர் சமூகத்தவர் முக்கியமானவர்கள். ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் மண்டபம் இன்றும் பம்பலப்பிட்டியில் இருக்கின்றது. வாழையிலையிற் பொதிந்து வெதுப்பிய லம்பிறைஸ் அவர்களுடைய கைப்பக்குவத்துக்கு யாவரும் அறிந்த சான்று. ஒரு காலத்தில் இவ்வூரின் ஒழுங்கைகளிற் பறங்கியர், தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகியோர் மதிலுக்கு மதில் அயலவராக வாழ்ந்தார்கள். நத்தாருக்குக் கேக் இந்தப் பக்கம் வந்தால், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் அந்தப் பக்கம் போகும். கத்தோலிக்கருக்கும் வெள்ளிக்கிழமை சுத்தபோசன நாளாகையால், அன்றைக்கு இறைச்சியில்லாத பதார்த்தமொன்று அவர்களுக்கும் வேண்டியிருந்தது. இரு மதத்தினருக்கும் ஒரே கிழமையிலே ஒரே தேவை நேர்ந்தது அழகிய ஒற்றுமையன்றோ!

1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்திற்குப் பின்னர் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இப்பகுதித் தமிழர் வீடுகள் பல தீக்கிரையாயின. அவர்களிலும் பலர் கடல் கடந்து சென்றார்கள். மதில்களின் இரு புறத்திலும் ஆட்கள் மாறினார்கள். ஆனால் அயலவரிடமிருந்து கற்ற சமையல் மாறவில்லை. இன்று மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மக்கரோனிக்குச் செத்தல் மிளகாய்த் துண்டுகளைத் தூவி வெதுப்பும் வீடு எது என்றால், அது பெரும்பாலும் இலங்கையிலிருந்து சென்றவரின் வீடாகவே இருக்கும்.

மொழியும் இதற்குச் சாட்சி கூறுகின்றது. நாம் சமைக்கும் குசினியும், பொரிக்கும் தாச்சியும், உண்ணும் பாணும், அதனைச் சுடும் போறணையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். அவர்கள் சீஸுக்கு வழங்கிய சொல் மலாய் மொழியிற் ‘கேஜூ’ என்று நிலைத்துவிட்டது; நம்மவர் நாவிலோ அது நிலைக்கவில்லை. பாற்கட்டி என்று பாடப் புத்தகத்தில் எழுதுகிறோம். கடையிற் சீஸ் என்றே கேட்டு வாங்குகிறோம். பாலைத் தயிராகவும் மோராகவும் நெய்யாகவும் ஆக்கத் தெரிந்த நமக்குப் பாற்கட்டி பிற்காலத்து உறவே.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்குப் போதுமான அளவு இது. மக்கரோனி 250 கிராம். பட்டர் 40 கிராம். கோதுமை மா 40 கிராம். பால் 600 மில்லிலீற்றர். துருவிய சீஸ் 150 கிராம் முதல் 200 கிராம் வரை. அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி. மிளகுத்தூள், உப்பு அளவாக. மேலே தூவுவதற்குக் காய்ந்த பாண் தூள் ஒரு கைப்பிடி. பசும்பால் கிடையாதவர்கள் 75 கிராம் பால்மாவை அரை லீற்றருக்குச் சற்று மேற்பட்ட வெந்நீரிற் கட்டியில்லாமற் கரைத்துக்கொள்ளலாம்.

இரண்டரை லீற்றர் நீரை உப்பிட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு, அதன் பின்னரே மக்கரோனியைப் போடவேண்டும். கொதியாத நீரிற் போட்டால் மாப்பசை கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பைக்கற்றிற் குறித்த நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே இறக்கி வடித்துவிடுக. அது மறுபடியும் சூட்டில் வேகப்போகின்றது என்பதை மறக்கலாகாது. வடித்தபின் பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம்; மேலே படிந்திருக்கும் மாப்பசைதான் குழம்பைப் பற்றிப் பிடிப்பது.

அடுத்தது குழம்பு. அடிகனத்த சட்டியிற் பட்டரை உருக்கி, மாவை இட்டு, மெல்லிய நெருப்பில் இரண்டு நிமிடம் கிளறுக. மாவின் பச்சை வாசனை நீங்கவேண்டும். ஆனால் நிறம் மாறக்கூடாது. இளஞ்சூடான பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, கைவிடாமற் கிண்டிக்கொண்டே வருக. கொழுப்பு மாவின் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே பூசி நிற்பதனாற்றான் கட்டி விழாமல் இருக்கின்றது. அவசரப்பட்டு முழுப் பாலையும் ஒரேயடியாக ஊற்றுபவர்கள் பின்னர் அரிதட்டைத் தேடவேண்டி வரும். குழம்பு அகப்பையின் முதுகிற் படியும் பதத்திற்கு வந்ததும் கடுகும் மிளகும் சேர்த்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிடுக.

இறக்கிய பின்னரே சீஸைச் சேர்க்கவேண்டும். இப்பதார்த்தத்தின் இரகசியம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கின்றது. கொதிக்கும் குழம்பிற் சீஸைப் போட்டால் அதிலுள்ள புரதம் சுருங்கி இறுகும். கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மிதக்கும். குழம்பு மணல்மணலாகத் திரைந்துவிடும். இறக்கிய சட்டியின் சூடே சீஸ் உருகப் போதுமானது. உப்பை இப்பொழுது சுவைத்துப் பார்த்த பின்னரே சேர்க்கவேண்டும். ஏனெனிற் சீஸிலே ஏற்கனவே உப்பு மிகுதி.

தகரப் பேணியிலும் காகிதப் பெட்டியிலும் வரும் பதனிட்ட சீஸ் ஏன் இவ்வளவு இலகுவாக உருகுகின்றது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். 1911ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்திலே கேர்பர், ஸ்ரெற்லர் என்னும் இருவர், சோடியம் சிட்ரேற்று என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்கினாற் சீஸின் கொழுப்பும் நீரும் பிரியாமல் நிற்பதைக் கண்டார்கள். 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜே. எல். கிறாஃப்ட் தம்முடைய முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே பதனிட்ட சீஸிற் பாதியும், முதிர்ந்த செடார் சீஸிற் பாதியும் கலந்தால், முன்னது மென்மையையும் பின்னது சுவையையும் தரும். கையிருப்புக்கு ஏற்பக் கூட்டலாம், குறைக்கலாம்.

குழம்பையும் மக்கரோனியையும் கலந்து, பட்டர் பூசிய தட்டில் இட்டு, பாண் தூளையும் எஞ்சிய சீஸையும் தூவி, 180 பாகை செல்சியஸ் சூட்டில் 20 நிமிடம் முதல் 25 நிமிடம் வரை வெதுப்புக. நம் நாவுக்கு இன்னும் காரம் வேண்டுமாயின், பம்பாய் வெங்காயத்தையும் கறிமிளகாயையும் சிறிது கறிவேப்பிலையோடு வதக்கிச் சேர்க்கலாம். செத்தல் மிளகாய்த் துண்டுகளையும் தூவலாம். லீக்ஸும் கரட்டும் போஞ்சியும் சேர்ந்தால் மரக்கறி சாப்பிட மறுக்கும் பிள்ளைகளும் அறியாமலே உண்டுவிடுவர். வெதுப்பி இல்லாத வீடுகளிலும், அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர்களிடத்தும், தடித்த இரும்புத் தாச்சியை இறுக மூடி மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் வைத்தாற் போதும். மேற்புறம் சிவக்கவேண்டுமெனின், தகர மூடியின் மேலே கனிந்த சிரட்டைக்கரித் தணலைப் பரப்பும் பழைய முறை இருக்கவே இருக்கின்றது. காற்றோட்டமான இடத்தில் அதனைச் செய்க.

இப்பொழுது அம்மம்மாவின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பாலைச் சீஸாக உறையச் செய்வதற்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டு வந்த றெனெற் என்னும் பொருள், பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. கன்றைக் கொல்லாமல் அதனைப் பெற இயலாது. ஆகவே அம்மம்மாவின் ஐயம் முற்றிலும் நியாயமானது. பாலிற் செய்தது என்பதனால் மட்டும் ஒரு பொருள் சைவமாகிவிடாது. எனினும், காலம் மாறியிருக்கின்றது. அதே நொதியத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்கும் முறைக்கு அமெரிக்க அரசு 1990ஆம் ஆண்டில் அனுமதி வழங்கியது. அதன்பின் அம்முறை உலகெங்கும் பரவிற்று. இன்று கடைகளிற் கிடைக்கும் சீஸிற் பல வகைகள் கன்றின் இரைப்பையைச் சாராதவை. ஆயினும் எல்லாமே அப்படியென்று எண்ணிவிடலாகாது. குறிப்பாக, பார்மிசான் என்ற பெயர் பெற்ற இத்தாலியச் சீஸ் இன்றும் கன்றின் றெனெற்றினாலேயே உறைய வைக்கப்படுகின்றது.

எனவே வாங்கும்போது உறையைப் படிப்பதே வழி. நுண்ணுயிர் அல்லது தாவர றெனெற் என்றோ, சைவ உணவினருக்கு ஏற்றது என்றோ அச்சிட்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்கு ஆகும். இந்தியாவிலிருந்து வரும் பைக்கற்றுகளிற் பச்சைப் புள்ளி இருக்கின்றதா என்று பார்க்கலாம். ஒன்றும் குறிப்பிடப்படாவிட்டால் அதனை வேறு நாளுக்கு வைத்துக்கொள்வதே மனத்திற்கு நிம்மதி.

அதுவும் வேண்டாம் என்போருக்கு வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு லீற்றர் பசும்பாலைக் கொதிக்க வைத்து இறக்கி, தேசிக்காய்ச் சாற்றைச் சிறிது சிறிதாக விட்டுத் திரையச் செய்து, துணியில் வடித்துப் பிழிந்தாற் பனீர் கிடைக்கும். இதற்கு றெனெற் தேவையில்லை. ஆனால் இது உருகாது. ஆகையால் உதிர்த்து, குழம்பிற் கலந்து, கடுகையும் மிளகையும் சற்றுக் கூட்டிக்கொள்க. சுவை வேறுதான், ஆயினும் பூசை முடித்து வந்து கூசாமல் உண்ணலாம்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோகிராம் சீஸுக்குப் பத்து லீற்றர் அளவு பால் வேண்டும். அது விலையேறிய பொருளாக இருப்பதில் வியப்பில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தையும், 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தையும் கண்ட நாடு இது. சீஸைப் பாதியாகக் குறைத்தாலும், குழம்பைச் சரியான பதத்தில் காய்ச்சினால் பதார்த்தம் கெடாது. சீஸ் தூள் அடைத்த ஆயத்தப் பெட்டிகள் 1937ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்த காலத்தில் விற்பனைக்கு வந்தவை. அக்காலத்து ஏழைக் குடும்பங்களுக்கு அவை உதவின, மறுக்கவில்லை. ஆனால் நம் வீட்டில் மாவும் பாலும் இருக்கையிற் பெட்டிக்குள் இருப்பதை நாடவேண்டியதில்லை.

போஷாக்கிலும் இது தாழ்ந்ததன்று. கோதுமையிற் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பாலில் நிறைய இருக்கின்றது. அரிசியின் குறையை உழுந்து நிரப்பி இட்டலி ஆவது போலவே, கோதுமையின் குறையைப் பால் நிரப்புகின்றது. 100 கிராம் செடார் சீஸில் 25 கிராம் அளவிற் புரதமும் 700 மில்லிகிராம் அளவிற் கல்சியமும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கும், மீன் இறைச்சி உண்ணாத வீடுகளுக்கும் இது பெருந்துணை. ஆனால் உப்பும் கொழுப்பும் மிகுந்திருப்பதனால், இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களுக்குச் சிறு பங்கே போதும். பக்கத்தில் ஒரு கிண்ணம் தக்காளிச் சம்பலோ, கீரையோ இருக்கட்டும்.

வீட்டில் ஒருவர் கேட்கும் கேள்விக்கு உறையைப் படித்து விடை சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தினால், ஒரே மேசையில் மூன்று தலைமுறையினரும் மனக்குறையின்றி உட்கார்ந்து உண்ண முடியுமாயின், அதுவும் சமையலின் ஒரு பகுதியே. அடுத்த வெள்ளிக்கிழமை செய்து பாருங்கள். தட்டு பெரிதாக இருந்தால், ஒரு பங்கை மூடிப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள். இது நம்மிடம் வந்த வழி அதுதானே.